இதயத் தமனி நோயாளருக்கான செவிலியப் பராமரிப்பு

இதயத் தமனி நோய் என்பது இதயத் தசைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, அவற்றின் வழி குறுகுவதால் உண்டாகும் நோயாகும். கரோனரி நோய் எனவும் இது அழைக்கப்படும். படிவு வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து வழி முற்றிலும் அடைபட்டால் மாரடைப்பு ஏற்படுகின்றது. அறிகுறியை இனங்காணுதல், முதல் மருந்து கொடுத்தல், இடைவிடாது கண்காணித்தல், வீடு திரும்புவோருக்கு வழிகாட்டல் ஆகியவற்றின் பெரும்பகுதி செவிலியர் கையில் உள்ளது. மலையும் காடும் மிகுந்த தருமபுரி மாவட்டத்தில் இப்பங்கு மேலும் பெரிதாகின்றது.

தொலைவும் நேரமும்

தமனி முழுதும் அடைபட்டால், ஏறத்தாழ அரை மணி நேரத்தில் இதயத் தசை இறக்கத் தொடங்கும். இறந்த தசை மீண்டும் வளர்வதில்லை. அடைப்பை ஆஞ்சியோபிளாஸ்டி மூலம் நீக்குவதே சிறந்த மருத்துவமாகும். நோய் உறுதியானதிலிருந்து 120 நிமிடங்களுக்குள் அதைச் செய்ய இயலாது எனத் தெரிந்தால், உறைவைக் கரைக்கும் மருந்தை உடனே செலுத்த வேண்டும் என்பது பன்னாட்டு நெறிமுறை.

ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி நகருக்கு ஏறத்தாழ 45 கி.மீ.; அங்கிருந்து சேலத்துக்கு ஏறத்தாழ 65 கி.மீ. அரூர் பக்கத்துச் சித்தேரி மலையிலிருந்தும், பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்தும் சமவெளிக்கு இறங்கவே நெடுநேரம் ஆகும். சாலையில்லாத சிற்றூர்களிலிருந்து நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வர நேர்ந்ததும் உண்டு. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 108 அவசர ஊர்தி சேவை தமிழ்நாட்டில் தொடங்கியது. இவற்றால் தொலைவின் சுமை குறைந்தபோதிலும், நோயாளி முதலில் சந்திப்பது பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரையே.

முதல் பத்து நிமிடங்கள்

நெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை பொதுவான அறிகுறிகள். ஆனால் பலர் இதை 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லி, சோடா குடித்து, ஓமம் மென்று, சில மணி நேரம் பொறுத்த பின்னரே வருகின்றனர். நீரிழிவு உள்ளவர், முதியோர், பெண்கள் ஆகியோரில் சிலருக்கு வலியே இராது. மூச்சுத்திணறலோ களைப்போ மட்டும் இருக்கும். ஆகவே தொப்புளுக்கு மேல் எந்த வலி என்றாலும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுவதே பாதுகாப்பானது. வந்த பத்து நிமிடங்களுக்குள் அது எடுக்கப்பட வேண்டும். நோயாளியை நடக்க விடலாகாது.

தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மூவகை மாத்திரைகள் ஆயத்தமாக வைக்கப்படுகின்றன. ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோக்ரெல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8 என மொத்தம் 14 மாத்திரைகள். பதினான்கையும் ஒருசேரக் கண்டு நோயாளி மிரள்வது இயல்பே. இது முதல் வேளைக்கு மட்டுமான அளவு என்று விளக்குவதும் செவிலியரின் வேலை. குருதிக் கசிவோ ஒவ்வாமையோ உண்டா என்று கேட்டபின் இவை தரப்படும். ஆஸ்பிரினை மென்று விழுங்கினால் விரைவில் வேலை செய்யும்.

நாவின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைக்கு முன் குருதி அழுத்தத்தைப் பார்ப்பது கட்டாயம். மேல் அளவு 90-க்குக் கீழ் இருந்தால் அதைத் தரக்கூடாது. முன்பு எல்லா நோயாளருக்கும் ஆக்சிசன் வைக்கப்பட்டது. சுவீடனில் 6,629 பேரிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளிவந்த ஆய்வு, குருதியில் ஆக்சிசன் போதிய அளவில் உள்ளவருக்கு அதனால் பயனில்லை என்று காட்டியது. இப்போது அளவு 90 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினால் மட்டுமே தரப்படுகின்றது.

உறைவைக் கரைத்தல்

ஸ்ட்ரெப்டோகைனேசு 15 இலட்சம் அலகுகள், 30 முதல் 60 நிமிடங்களில் சிரைவழி செலுத்தப்படும். டெனெக்டெபிளேசு ஒரே தடவையில் செலுத்தப்படுவது. அதன் அளவு உடல் எடையைப் பொறுத்தது. எனவே எடையைக் குத்துமதிப்பாக எழுதுவது ஆபத்தானது. முன்பு மூளையில் குருதிக் கசிவு ஏற்பட்டதா, அண்மையில் அறுவை நடந்ததா என்பன முன்னரே கேட்கப்படும்.

மருந்து ஏறும்போது அழுத்தம் சடுதியாக விழலாம். ஈறு, சிறுநீர், ஊசி குத்திய இடம் ஆகியவற்றில் குருதி கசிகின்றதா, பேச்சு குழறுகின்றதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தசை ஊசி போடலாகாது. 60 முதல் 90 நிமிடங்கள் கழித்து எடுக்கும் ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. உயர்வு பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் தமனி திறந்ததாகக் கொள்ளலாம். இறங்காவிடில் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார். திறந்தவருக்கும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்வது நல்லது. ஸ்ட்ரெப்டோகைனேசு பெற்றவருக்கு அதையே மறுமுறை தரக்கூடாது என்பதால் அட்டையில் மருந்தின் பெயர் தெளிவாக எழுதப்பட வேண்டும். சிறு செயல்தான், எனினும் அடிக்கடி விடுபடுவது.

சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைக்கும் இம்முறை தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை நான்கு தொகுதிகளில், 2,420 நோயாளரிடம் ஆராயப்பட்டது. ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தனர்.

தீவிர இதயப் பிரிவு

மாரடைப்பின் முதல் 48 மணி நேரத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மருத்துவர் லாரன்சு மெல்ட்சரும் செவிலியர் ரோசு பின்னியோவும், மருத்துவர் வரும்வரை காத்திராமல் செவிலியரே மின்னதிர்வு கொடுக்கலாம் என்ற முறையை நடைமுறைப்படுத்தினர். அதுவரை செவிலியருக்கு அனுமதிக்கப்படாத செயல் அது. இன்றைய தீவிர இதயப் பிரிவுகள் இதன் வழிவந்தவை.

முன்பு போல் வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவது இல்லை. சிக்கலில்லாதவர் ஓரிரு நாளில் எழுந்து நடக்கின்றார். மலம் கழிக்க முக்குவது இதயத்துக்குச் சுமை என்பதால் இளக்கி மருந்து தரப்படும்.

வீடு திரும்பியபின்

ஆஸ்பிரின் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும், குளோபிடோக்ரெல் பொதுவாக ஓராண்டு உட்கொள்ளப்படும். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துவோர் பலர். ஸ்டென்ட் வைத்தவர் இடையில் நிறுத்தினால் அதனுள் குருதி உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம்.

மாவட்டத்தின் கேழ்வரகுக் களியும் கீரையும் இந்நோயாளருக்கு ஏற்ற உணவே; நீரிழிவு உள்ளவர் களியின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உடன் தொட்டுக்கொள்ளும் மாங்காய் ஊறுகாயிலும் கருவாட்டிலும் உள்ள உப்பே தீங்கு செய்வது. பீடியை அறவே விட வேண்டும்.

2021 ஆகத்து 5 அன்று அண்டை மாவட்டமான கிருட்டிணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், குருதி அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் தருமபுரியிலிருந்து கட்டட வேலைக்காகப் பெங்களூரு செல்வோர் வீட்டில் இருப்பதில்லை. அத்தகையோரிடம் ஊருக்குத் திரும்பும் நாளைக் கேட்டறிந்து, அதுவரைக்குமான மாத்திரைக்கு ஏற்பாடு செய்து, கடைசி ஈ.சி.ஜி.யின் படியையும் கையில் கொடுத்தனுப்பினால், வேற்றூர் மருத்துவமனையில் பழைய மாற்றத்தையும் புதிய மாற்றத்தையும் பிரித்தறிய முடியும்.