உட்கார்ந்தே உழைப்பவருக்கு ஒரு மிதிகட்டை

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வாழும் தெரு ஒன்றில் காலை நேரத்தில் நடந்து பாருங்கள். வீட்டுக்குள்ளிருந்து 'தடக், தடக்' என்று தறியின் ஓசை கேட்கும். குழித்தறியின் விளிம்பில் நெசவாளர் அமர்ந்திருப்பார். அவருடைய கால்கள் குழிக்குள் இருக்கும். மிதிகட்டையை அவர் மிதித்ததும் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. அந்த இடைவெளியில் நாடா பாய்கிறது. அச்சுப் பலகை ஊடை நூலை அடித்து நெருக்குகிறது. மீண்டும் மிதி, மீண்டும் நாடா. இவ்வாறே ஒரு பட்டுச் சேலை வளர்கிறது.

நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று தறிக்கு வருவதில்லை. படித்து முடித்து, ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சென்னையிலும் கணினிக்கு முன் அமர்ந்து பணி செய்கின்றனர். தந்தையும் மகனும் இருவருமே உட்கார்ந்து உழைப்பவர்கள்தாம். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனித்தீர்களா? தறியில் கால் ஓய்வதில்லை. மேசைக்கு அடியிலோ கால் அசைவதே இல்லை. இந்தச் சிறு வேறுபாடு உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைக் காண்போம்.

கெண்டைக்கால் செய்யும் வேலை

இதயம் குருதியைக் கால் வரை தள்ளிவிடுகிறது. ஆனால் அங்கிருந்து குருதி புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும். இதற்கு உதவுபவை கெண்டைக்கால் தசைகள். அவை சுருங்கும்போது நடுவே உள்ள சிரைகள் பிழியப்பட்டுக் குருதி மேலே செல்கிறது. அது கீழே திரும்பிவிடாதபடி சிரைகளில் உள்ள ஒருவழிக் கதவுகள் தடுக்கின்றன. கிணற்று நீரை இறைக்கும் பம்பும் இதே முறையில்தான் இயங்குகிறது. ஆகவேதான் கெண்டைக்காலை 'இரண்டாம் இதயம்' என்பார்கள்.

கால் அசையாவிட்டால் இந்தப் பம்பு நின்றுவிடுகிறது. மாலையில் கணுக்கால் வீங்குவதும் காலணி இறுக்குவதும் இதனால்தான். நீண்ட நேரம் அசையாதிருந்தால் சிலருக்குக் காலின் ஆழச் சிரைகளில் குருதி உறைந்துவிடுவதும் உண்டு.

தசைக்கு இன்னொரு பணியும் இருக்கிறது. உணவுக்குப் பின் குருதியில் சேரும் குளுக்கோசைப் பெருமளவில் எடுத்துக்கொள்வது தசையே. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் துணையின்றியும் குளுக்கோசை உள்ளே இழுக்கவல்லது. 2012இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர அறிவியலார், உடல் பருத்த 19 பேரை ஒரு நாள் தொடர்ந்து உட்காரவைத்தனர். இன்னொரு நாள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் மெதுவாக நடக்கவைத்தனர். நடந்த நாளில், உணவுக்குப் பிந்தைய குளுக்கோஸ் உயர்வு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. அதை எண்ணும்போது இந்த 2 நிமிடம் சிறியதன்று.

பேருந்தும் சணல் ஆலையும்

உட்காருவதன் விலையை முதலில் கணக்கிட்டவர்களுள் ஒருவர் ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார்; நடத்துநர் நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். நடத்துநர்களுக்கு இதயத் தாக்கு குறைவு என்பதை 1953இல் மோரிஸ் வெளியிட்டார். ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே சற்றுப் பருத்தவர்களாக இருந்தனர் என்பதையும் பின்னர் அவரே கண்டறிந்து கூறினார். எனினும் அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் உடலசைவின் பக்கமே நின்றன.

நம் நாட்டிலும் ஒரு புகழ்பெற்ற ஆய்வு நடந்தது. 1956இல் ஜீன் மேயரும் அவருடைய குழுவினரும் மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றின் பணியாளர்களை ஆராய்ந்து எழுதினார்கள். கடுமையாக உழைத்தவர்கள் நிறைய உண்டார்கள், இதில் வியப்பில்லை. ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்திருந்த எழுத்தர்களும் கடைக்காரர்களும் குறைவாக உண்ணவில்லை. அளவாக உழைத்தவர்களைவிட அதிகமாகவே உண்டார்கள், அதிக எடையும் இருந்தார்கள். அசைவு மிகக் குறைந்துவிட்டால் பசி தன் அளவை மறந்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

எந்தக் கருவி வாங்கலாம்?

அலுவலகப் பணியாளருக்கென்று இன்று பல கருவிகள் விற்கப்படுகின்றன. அவற்றுள் சிலவற்றை எடை போட்டுப் பார்ப்போம்.

நின்று வேலை செய்யும் உயரமான மேசை: 2016இல் அமெரிக்காவில் அளந்தபோது, உட்கார்ந்தவர் ஒரு மணிக்கு ஏறக்குறைய 80 கலோரியும், நின்றவர் 88 கலோரியும், நடந்தவர் 210 கலோரியும் செலவிட்டனர். நிற்பதால் கிடைக்கும் 8 கலோரி இரண்டு மூன்று வேர்க்கடலைப் பருப்புக்குச் சமம்! நிற்பது முதுகுக்கு மாறுதல் தரும். ஆனால் நடைக்கு ஈடாகாது. நாள் முழுதும் நிற்பதும் கால் சிரைகளுக்கு நல்லதன்று.

காலடிகளை எண்ணும் கடிகாரம்: 'நாளுக்கு 10,000 அடி' என்ற எண் மருத்துவர் வகுத்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானியின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி' என்பதாகும். அமெரிக்க மூதாட்டிகளிடையே நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஏறக்குறைய 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு விகிதம் குறைந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. கடிகாரம் உங்களை எழுப்பிவிடுமானால் நல்லது. எழுப்புவதற்குச் சுவர்க் கடிகாரமும் போதும்.

மேசைக்கு அடியில் வைக்கும் மிதி கருவி: சைக்கிளின் மிதிகளை மட்டும் எடுத்து வைத்தது போல் இருக்கும். பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் உள்ள மிதிகட்டைக்கு இது தூரத்து உறவு. எழ முடியாத வேலையில் இருப்பவருக்குப் பயன்படும். இல்லாதவர்கள், உட்கார்ந்தபடியே குதிகாலை 20 முறை உயர்த்தித் தாழ்த்தலாம், செலவு ஏதுமில்லை.

எடைகள்: ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. இரண்டு தண்ணீர்ப் புட்டிகளே தொடக்கத்துக்குப் போதும்.

சிறு பழக்கங்கள்

பெரிய புட்டிக்குப் பதில் சிறிய குவளையில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்; நிரப்புவதற்காகவேனும் எழுவீர்கள். தொலைபேசி வந்தால் எழுந்து நின்று பேசுங்கள். பகலுணவுக்குப் பின் 10 நிமிடம் நடங்கள். மின்தூக்கியை விட்டுப் படியேறுங்கள். ஒரு நிறுத்தம் முன்னதாகவே பேருந்திலிருந்து இறங்குங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுவதை வழக்கமாக்குங்கள்.

இவற்றோடு, வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த அறிவுரை. வேகமாக நடப்பதே மிதமான உழைப்புதான். பிள்ளையார்பாளையத்துக்காரர்களுக்குக் கயிலாசநாதர் கோயில் வரை ஒரு மாலை நடை இருக்கவே இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்டே பயிற்சியைக் கூட்ட வேண்டும்.

தறியில் அமர்பவர் நோயற்றவர் என்றும் எண்ணிவிடாதீர்கள். அவருடைய கால் ஓடினாலும் முதுகு வளைந்தே இருக்கிறது; கண் நுண்ணிய சரிகையிலேயே பதிந்திருக்கிறது. அவருக்குத் தேவை எழுந்து முதுகை நிமிர்த்துவது. மகனுக்குத் தேவை காலை அசைப்பது. எனவே தந்தை இழை அறுந்தால் முடியும்போதும், மகன் ஒரு வேலையை முடிக்கும்போதும், இருவரும் ஒரு கணம் எழுந்து நிற்கட்டும். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்த நீங்களும் இப்போதே எழுந்து நாலடி நடந்துவிட்டு வாருங்களேன்!