மாறாத மதிப்பு

பள்ளிகளில் வருகைப் பதிவேடு உண்டு. அதில் மாணவர்தம் பெயர் வரிதோறும் வேறுபடும்; ஆதலின் அது கட்டந்தோறும் எழுதப்படுகின்றது. பள்ளியின் பெயரோ மாணவர் அனைவர்க்கும் ஒன்றே. ஆதலின் அஃது ஏட்டின் முகப்பில் ஒருமுறையே எழுதப்படுகின்றது. வரிதோறும் அதனை எழுத இடம் வைத்தால், என்றேனும் ஒரு வரியில் பிழை புகும். மாறுவதற்குக் கட்டம், மாறாததற்கு முகப்பு என்பதே பதிவேட்டின் முறை.

கணிப்பொறியும் செய்திகளைப் பதிவுகளாகக் காக்கின்றது. பதிவிலுள்ள ஒவ்வொரு கட்டமும் புலம் எனப்படும். ஒரே அமைப்புடைய பதிவுகள் ஒரு வகையைச் சேர்ந்தவை. கணக்கியலில் வரும் சார்புகளைக் கொண்டே நிரலை அமைக்கும் முறைக்குச் சார்பு நிரலாக்கம் என்று பெயர். அம்முறைக்குரிய மொழிகளுள் ஒன்று, 1990ஆம் ஆண்டில் வெளிவந்த ஹாஸ்கெல். அமெரிக்க அளவையியல் அறிஞர் ஹாஸ்கெல் கர்ரியின் பெயரை அது தாங்கியுள்ளது. அம்மொழியில் ஒருமுறை அமைத்த பதிவை அழித்து எழுதுதல் இயலாது. மாற்றம் வேண்டின், மாறிய மதிப்புடன் புதிய பதிவு ஒன்று உண்டாகும். பழைய பதிவு இருந்தவாறே இருக்கும்.

ஆயினும், அழிக்க இயலாமை மட்டும் போதாது. முதலிலேயே பிழைபட எழுதினால், அப்பிழையும் அழியாது நிற்குமன்றோ? வடிவங்களைக் குறிக்கும் பதிவு ஒன்றில் பெயர், பக்கங்களின் எண்ணிக்கை என இரு புலங்கள் உள்ளன எனக் கொள்க. முக்கோணத்திற்கு 4 பக்கங்கள் என ஒருவர் கைதவறி எழுதினால், கணிப்பொறி மறுக்காது. 4 என்பதும் ஓர் எண்ணே.

இதற்கு வழி யாது? முக்கோணம், நாற்கரம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிவித்துவிட்டு, எண்ணிக்கை என்னும் புலத்தையே நீக்கிவிடுவர். பக்கங்கள் எத்தனை என வினவினால், ஒரு சார்பு அவ்வடிவத்தை நோக்கி 3 என்றோ 4 என்றோ விடை தரும். எழுத இடமே இல்லாதபோது பிழைபட எழுதுவது எங்ஙனம்?

இது சிறு செய்தியன்று. செவ்வாய்க் கோளை ஆராய அமெரிக்கா 1998இல் ஏவிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்னும் விண்கலம், 1999 செப்டம்பர் 23ஆம் நாள் அக்கோளை அடைந்த வேளையில் இழக்கப்பட்டது. தரையிலிருந்த நிரல் ஒன்று உந்துதலின் அளவைப் பவுண்டு விசையின் அடிப்படையில் தந்தது. அதனைப் பெற்ற நிரலோ அது நியூட்டன் கணக்கு எனக் கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன் ஆகும். எண் சென்றது, அதன் அலகு உடன் செல்லவில்லை.

அலகும் மாறாத மதிப்பே. எஃப் ஷார்ப் என்னும் மொழியில் அலகை எண்ணின் வகையோடே பிணைத்துவிடலாம். அங்குப் பவுண்டையும் நியூட்டனையும் கூட்ட முயன்றால், நிரல் இயங்குமுன்னரே தொகுப்பி அதனைத் தடுத்துவிடும். மாறுவன இவை, மாறாதன இவை எனத் தொடக்கத்திலேயே பகுத்து வைப்பின், பின்னர் வரும் பிழைகள் பல தோன்றாமலே ஒழியும்.