செம்பனைத் தூசி கண்ணில் விழுந்தால்: முதல் 18 மணி நேரம் ஏன் முக்கியம்?

மாணவர்களே, பந்திங், கேரித் தீவு வட்டாரத்தில் வாழ்பவர்களுக்குச் செம்பனைத் தோட்டம் புதிதல்ல. நீண்ட கழியின் நுனியில் பொருத்திய அரிவாளால் ஓலையையும் குலையையும் அறுப்பவர் அண்ணாந்து பார்த்தே ஆக வேண்டும். அப்போது மேலிருந்து உதிரும் தூசி, நார், ஓலைச் சிராய் எல்லாம் நேராகக் கண்ணை நோக்கி வருகின்றன. வேலை முடிந்து வீடு திரும்பும் அப்பாவோ மாமாவோ கண்ணைக் கசக்கிக்கொண்டே, "ஒன்னுமில்ல, தூசிதான்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

பெரும்பாலும் அது ஒன்றுமில்லாமலே போய்விடும். சில வேளைகளில் மட்டும் அந்தத் தூசி பார்வையைப் பறிக்கும் புண்ணாக மாறிவிடுகிறது. ஏன் அப்படி நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, படிவம் 3 அறிவியலில் நீங்கள் படித்த கண்ணின் அமைப்பே போதும்.

கண்ணின் கண்ணாடிச் சன்னல்

கண்ணின் முன்பகுதியில், கருமணிக்கு மேலே, கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் அமைந்திருப்பது கார்னியா. மலாய்ப் பாடநூலில் 'கோர்னியா' என்று படித்திருப்பீர்கள். அதன் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். ஒளி தடையின்றி உள்ளே செல்ல வேண்டும் என்பதால் அதில் இரத்தக் குழாய்களே கிடையாது. அதற்கு வேண்டிய உயிர்வளி பெரும்பாலும் கண்ணீரில் கரைந்த காற்றிலிருந்து கிடைக்கிறது.

இதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. கார்னியாவில் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருப்பதால் சிறு கீறலுக்கும் கண் வலிக்கும், கூசும், நீர் வடியும். ஆபத்து வந்ததை அது உடனே சொல்லிவிடுகிறது. மேல் அடுக்கில் மட்டும் விழுந்த கீறல் ஓரிரு நாளில் தானாக ஆறிவிடும். ஆனால் கிருமி உள்ளே புகுந்துவிட்டால், இரத்தக் குழாய் இல்லாத அந்த இடத்துக்கு நோய் எதிர்ப்பு அணுக்கள் வந்து சேரத் தாமதமாகும். புண் ஆறினாலும் வெண்தழும்பு நின்றுவிடலாம். அந்தத் தழும்பு நடுவில் அமைந்தால், புகை படிந்த சன்னல் வழியாகப் பார்ப்பது போல்தான் உலகம் தெரியும்.

மதுரையில் கண்டறிந்த பாடம்

ஓலை, உமி, வைக்கோல் போன்றவற்றால் ஏற்படும் கீறலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வெப்பமும் ஈரமும் நிறைந்த நாடுகளில் செடிகொடிகளின்மேல் ஃபியூசேரியம், அஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துகள் இருக்கும். கீறல் விழும்போதே அவை கார்னியாவில் விதைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டு விவசாயிகளிடையே இத்தகைய புண் அதிகம்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இந்நோயை ஆராய்வதில் உலக அளவில் பெயர் பெற்றது. அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து பூஞ்சைப் புண் கொண்ட 323 பேரிடம் அது நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. பழைய மருந்தான நேட்டாமைசின் சொட்டு, புதிய மருந்தான வோரிகோனசோல் சொட்டைவிட நல்ல பலன் தந்தது. ஃபியூசேரியம் பூஞ்சையில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் நேட்டாமைசின் கார்னியாவின் ஆழத்துக்கு எளிதில் ஊடுருவாது. அதனால்தான் புண் மேலோட்டமாக இருக்கும்போதே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். தொடக்கத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை சொட்டு விட வேண்டியிருக்கும். சிகிச்சை பல வாரங்கள் நீளும். மருந்துக்குப் புண் கட்டுப்படாவிட்டால் கார்னியா மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

சரி, புண் வராமலே தடுக்க முடியுமா? நேப்பாளத்தின் பக்தபூர் பகுதியில் நடந்த ஆய்வு 2001இல் இதற்கு விடை தந்தது. கார்னியாவில் கீறல் விழுந்தவர்களுக்கு, ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் குளோராம்ஃபெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று முறை, மூன்று நாள்கள் இட்டனர். காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு இடத் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. அதாவது, இன்று மாலை கண்ணில் கீறல் பட்டால், நாளைக் காலை கிளினிக் திறந்ததும் போய்விட வேண்டும். "ரெண்டு நாள் பார்ப்போம்" என்பது இந்தக் கணக்கில் சேராது.

கிளினிக்கில் மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைக் கண்ணில் இட்டு நீல ஒளியில் பார்ப்பார்கள். கீறல் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும்.

செய்யக்கூடாதவை

கண்ணைக் கசக்கக் கூடாது. உள்ளே இருக்கும் துகள் உப்புத்தாள் போல் கார்னியாவைத் தேய்க்கும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் ஊற்றக் கூடாது. அவை கிருமி நீக்கிய பொருள்கள் அல்ல. துணி நுனியால் துழாவவும் கூடாது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தை விடுவது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பும் வலியும் குறையும். நோய் குணமாவதாகவே தோன்றும். ஆனால் எதிர்ப்புச் சக்தியை அது அடக்கிவிடுவதால் பூஞ்சை தடையின்றி வளரும்.

முதலுதவி: மூன்று காயம், மூன்று வழி

முதலாவது, தூசி. கண்ணைப் பலமுறை சிமிட்டுங்கள். தூய நீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். உறுத்தல் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இரண்டாவது, இரசாயனம். சிமெண்டுத் தூள், சுண்ணாம்பு, குளோரின் கலந்த சலவைத் திரவம், அடைப்பு நீக்கும் திரவம் ஆகியவை காரத்தன்மை கொண்டவை. கார் பேட்டரி நீர் அமிலம். எது கொடியது? பலரும் அமிலம் என்பார்கள். கண்ணைப் பொறுத்தவரை பெரும்பாலும் காரமே கொடியது. அமிலம் மேற்பரப்பிலுள்ள புரதத்தை உறையச் செய்வதால், அந்த உறைவே ஓரளவு தடுப்பாகிவிடுகிறது. காரமோ உயிரணுச் சவ்வின் கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றிக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும்.

எதுவானாலும் அந்த நொடியே குழாய் நீரில் கழுவத் தொடங்குங்கள். இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 முதல் 30 நிமிடம் கழுவிய பிறகே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். காரத்தை நடுநிலையாக்க வினிகர் ஊற்றலாமே என்று வேதியியல் படித்த மூளை யோசிக்கும். வேண்டாம். நடுநிலையாக்கம் வெப்பம் உமிழும் வினை. அது கண்ணுக்கு இன்னொரு காயம்.

மூன்றாவது, குத்துக் காயம். முள்ளோ, கம்பியோ, பட்டாசுத் துண்டோ கண்ணில் குத்தி நின்றால் கழுவாதீர்கள், பிடுங்காதீர்கள், அழுத்தாதீர்கள். கண்ணைத் தொடாதபடி ஒரு காகிதக் கோப்பையால் மூடி, 999 எண்ணை அழையுங்கள் அல்லது உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உண்ணவோ பருகவோ எதுவும் கொடுக்க வேண்டாம்.

மற்ற கண் நோய்கள்

பள்ளியில் பரவும் 'சிவந்த கண்' பெரும்பாலும் அடினோ வைரசால் வருவது. ஓரிரு வாரத்தில் தானே குணமாகும். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும், துண்டையும் தலையணையையும் பகிராமல் இருப்பதும், வீட்டில் ஓய்வெடுப்பதுமே முக்கியம். இமையில் வரும் கண்கட்டிக்கு நாளுக்கு நான்கைந்து முறை வெதுவெதுப்பான ஒத்தடம் போதும். அதைக் கிள்ளவோ பிதுக்கவோ கூடாது.

இரவுச் சந்தையில் விற்கும் வண்ணக் காண்டாக்ட் லென்சை அழகுக்காக வாங்காதீர்கள். பதிவு பெற்ற நிபுணர்கள் மட்டுமே அதை விற்க வேண்டும் என்கிறது நம் நாட்டின் 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டம். தூய்மையற்ற லென்சும் கார்னியாவில் கிருமியை விதைக்கும்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இரண்டு செய்திகள். 2014இல் நம் நாட்டில் 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்த தேசியக் கண் ஆய்வில், பார்வையிழப்புக்குக் கண்புரையே முதல் காரணமாக இருந்தது. மங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்தினால் பார்வை திரும்பும். பாட்டி "வயசாச்சு, அப்படித்தான்" என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நீரிழிவு விழித்திரையைத் தாக்குவதோ வேறு வகை. தொடக்கத்தில் வலியும் இருக்காது, பார்வைக் குறையும் தெரியாது. நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதால், அந்நோய் உள்ளவர்கள் ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதிப்பது அவசியம்.

மீண்டும் தோட்டத்துக்கே வருவோம். மேலே சொன்ன நீண்ட சிகிச்சை தேவைப்படாமல் இருக்க, ஒரு பாதுகாப்புக் கண்ணாடி பெரிதும் உதவும். வியர்வையில் கண்ணாடி மங்கும் என்று அப்பா குறைபட்டுக்கொண்டால், பக்கவாட்டில் காற்றோட்டம் உள்ள வகையைத் தேடிப் பாருங்கள். அப்படியும் ஒரு நாள் அவர் கண்ணைக் கசக்கியபடி வந்தால், மணி என்ன என்று பாருங்கள். அந்தக் காயம் எத்தனை மணிக்குப் பட்டது என்றும் கேளுங்கள். அதிலிருந்து 18 மணி நேரம் கடப்பதற்குள் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.