துளசிக்கு ஒரு டிரைவர்

"டிரைவர் மக்கர் பண்றாம்ப்பா" என்றார் பக்கத்து சீட் நண்பர். உடனே செக்‌ஷனில் நாலு தலைகள் நிமிர்ந்தன. ஆபீஸ் வேன் டிரைவரா, கால் டாக்ஸி டிரைவரா, குடித்திருந்தானா என்று விசாரணை ஆரம்பித்துவிட்டது.

நண்பர் சொன்னது எல்.ஈ.டி. விளக்கின் டிரைவரை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை டப்பா. இரண்டு ஒயர் உள்ளே, இரண்டு ஒயர் வெளியே. லைசென்ஸ் கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது, பேட்டா கேட்காது. வீட்டு 230 வோல்ட்டை வாங்கி, எல்.ஈ.டி. தாங்கக்கூடிய அளவு மட்டும் கரண்டை எண்ணி எண்ணிக் கொடுப்பது அதன் உத்தியோகம்.

அந்த விளக்கு நண்பரே செய்தது. காரணம், ஒரு துளசிச் செடி. மடிப்பாக்கத்தில் தரைத்தள ஃபிளாட் அவருக்கு. பக்கத்து மனையில் நாலு மாடி எழும்பியதும் பால்கனிக்கு வந்துகொண்டிருந்த வெயில் போயே போய்விட்டது. ஊர் வீட்டை விற்றுவிட்டு வந்த அம்மா, அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்த ஒரே சொத்து அந்தத் துளசி. இலை உதிர்த்துக் குச்சியாகிக்கொண்டிருந்தது. "துளசி பட்டுப்போனா வீட்டுக்கு ஆகாதுப்பா" என்று அம்மா சாதம் போடும்போதெல்லாம் சொல்ல, மனுஷர் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடிவிட்டார். மூன்று வாட் எல்.ஈ.டி. பத்து, ஒரு அலுமினிய ஹீட் சிங்க், ஒரு டிரைவர். செயற்கை வெயில் ரெடி.

பத்தில் ஏழு சிவப்பு, மூன்று நீலம். ஏன் இந்த விசித்திரக் கலர்? இலையில் உள்ள பச்சையம் அதிகமாக விழுங்குவது நீலத்தையும் சிவப்பையும்தான். பச்சையைக் கணிசமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால்தான் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. சிவப்பு எல்.ஈ.டி. 1962-லேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு விஞ்ஞானிகள் 1990-கள் வரை திண்டாடினார்கள். அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் பௌதிக நோபல் பரிசு கொடுத்தார்கள். மடிப்பாக்கத்தில் அதன் விளைவு, பால்கனி முழுக்க கத்திரிப்பூக் கலர் வெளிச்சம். தெருவில் போகிறவர்கள் புதிதாக பிரியாணிக் கடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். துளசி மட்டும் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் துளிர்விட ஆரம்பித்தது.

ஐந்தாவது மாதம் விளக்கு கண்ணடிக்கத் தொடங்கியது. விநாடிக்கு ஒரு தடவை 'பளிச்'. அணையும். மறுபடி 'பளிச்'.

"வீட்ல உஜாலா பல்பு பழசு பத்துப் பதினஞ்சு கெடக்கு. ஒண்ணை உடைச்சு உள்ளே இருக்கிற போர்டை எடுத்து மாட்டிடவா?" என்று கேட்டார். 2015-ல் அந்தத் திட்டம் வந்த பிறகு 9 வாட் பல்பு இல்லாத வீடு அபூர்வம். ஃபியூஸ் போனதைச் சேர்த்துவைக்காத வீடும் அபூர்வம்.

"உங்கம்மா துளசிக்குக் கையாலதானே தண்ணி ஊத்துறாங்க?"

"ஆமாம். காலைல குளிச்சிட்டு, ஈரப் புடவையோட. ஏன்?"

"ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். அதுவரைக்கும் பிளக்கைப் பிடுங்கி வை."

ஈரப் புடவை, ஈரத் தரை, தலைக்கு மேலே 230 வோல்ட். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் துளசி இரண்டாம் பட்சமாகிவிடுகிறது.

டிரைவர்களில் இரண்டு ஜாதி. ஒன்றில் உள்ளே ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். மின்சாரம் ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்குக் காந்தப்புலம் வழியாகத்தான் தாவும். கம்பி வழியாக நேரடித் தொடர்பு கிடையாது. இன்னொன்று சிக்கனக் குடும்பம். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் ஒற்றைச் சுருள்தான். எல்.ஈ.டி.யின் கால்களுக்கும் தெருக் கம்பத்துக்கும் நேரடி உறவு உண்டு. பல்புக்குள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். பல்புக்கு மேலே பிளாஸ்டிக் தொப்பி இருப்பதால் யாரும் தொட முடியாது, பிழைத்தோம். அதையே கழற்றித் திறந்த அலுமினியத் தகட்டில் மாட்டினால்? எல்.ஈ.டி.க்கு அடியில் இருக்கும் ஒரு மெல்லிய பூச்சுதான் அம்மாவுக்கும் ஃபேஸுக்கும் நடுவே நிற்கும். தவிர, பல்பு போர்டு கொடுக்கிற கரண்ட் கொஞ்சம். மூன்று வாட் எல்.ஈ.டி.க்கு அது சோளப்பொரி.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அம்மா காபி கொடுத்துவிட்டு, "பிழைச்சிடுமா தம்பி?" என்றார். விளக்கைக் கேட்கிறாரா, செடியைக் கேட்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பொதுவாகத் தலையாட்டி வைத்தேன்.

முதலில் டிரைவரின் ஜாதகம். லேபிளில் '20-40 வோல்ட் டி.சி., 600 மில்லி ஆம்பியர்' என்று போட்டிருந்தது. அதாவது கரண்ட் 600-ஐத் தாண்டாது. வோல்ட்டேஜ் மட்டும் 20-க்கும் 40-க்கும் இடையே, எத்தனை எல்.ஈ.டி. மாட்டியிருக்கிறோமோ அதற்குத் தகுந்தபடி அட்ஜஸ்ட் ஆகும். சிவப்பு ஒன்றுக்கு உத்தேசமாக 2.2 வோல்ட், நீலத்துக்கு 3.2. ஏழு சிவப்பு 15.4, மூன்று நீலம் 9.6. மொத்தம் 25. பொருத்தம் பிரமாதம். 25 வோல்ட், 0.6 ஆம்பியர், ஆக 15 வாட். பத்து மூன்று வாட் எல்.ஈ.டி. என்றால் முப்பது வாட் என்று நினைத்து வாங்குகிறவர்கள் கவனிக்க!

ஏன் கரண்டைப் பிடித்து நிறுத்த வேண்டும்? வோல்ட்டேஜ் போதாதா? போதாது. எல்.ஈ.டி. ஒரு ரோஷக்காரப் பேர்வழி. வோல்ட்டேஜைத் துளி கூட்டினால் கரண்ட் துளி கூடாது, எகிறும். சூடானால் அதே வோல்ட்டேஜில் இன்னும் அதிகமாக இழுக்கும். இழுத்தால் இன்னும் சூடு. கடைசியில் 'டப்'. அதனால்தான் நடுவே ஒரு டிரைவர்.

கண்ணடிப்பதற்கு முக்கியமாக இரண்டு பேர்மேல் சந்தேகப்படலாம். ஒன்று, பத்து எல்.ஈ.டி.யில் ஏதாவது ஒன்றின் உள் இணைப்பு விட்டுவிட்டுப் பிடிக்கலாம். கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி எல்லாம் ஒரே வரிசையில் இருப்பதால், ஒன்று அறுந்தால் மொத்தமும் அணையும். டிரைவர் பயந்துபோய் நிறுத்தி மறுபடி முயற்சி செய்யும். இரண்டு, டிரைவரே நோயாளியாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே போலீஸ் முறை. இரண்டு பேரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து விசாரிப்பது.

ஒயரைக் கழற்றினோம். எல்.ஈ.டி.களை ஒவ்வொன்றாக 9 வோல்ட் பேட்டரி, கூடவே 470 ஓம் ரெசிஸ்டர் வைத்துத் தொட்டுப் பார்த்ததில் பத்தும் எரிந்தன. ரெசிஸ்டர் இல்லாமல் பேட்டரியை நேராக வைக்கக் கூடாது. இந்தச் சோதனை முழு நற்சான்றிதழ் ஆகாது. சூடானால் மட்டும் விட்டுப்போகிற கள்ளன் இதில் தப்பிவிடுவான். எனவே அடுத்தது டிரைவர். எல்.ஈ.டி.க்குப் பதில் 47 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை மாட்டினேன். 0.6 ஆம்பியருக்கு 28 வோல்ட் வர வேண்டும். 17 வாட் சூடு வரும், கையை வைக்கக் கூடாது. பிளக்கைப் போட்டால் மீட்டர் முள் 28-க்குத் தாவி, விழுந்து, தாவி, விழுந்து பரதநாட்டியம் ஆடியது. இந்த வேலைக்குப் பழைய முள் மீட்டர்தான் லாயக்கு. டிஜிட்டலில் நம்பர்கள் ஓடுமே தவிர ஒன்றும் புரியாது.

ஆக, குற்றவாளி டிரைவர்தான்.

"அப்ப எல்.ஈ.டி.யை மறுபடி மாட்டிப் பார்க்கவா?" என்று நண்பர் ஒயரோடு கிட்டே வந்தார். தடுத்தேன். டிரைவர் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்.ஈ.டி.யை மாட்டவே கூடாது. சுமையில்லாமல் நிற்கிற டிரைவர் தன் உச்ச வோல்ட்டேஜுக்கு ஏறி உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் எல்.ஈ.டி.யைத் தொட்டால் சேர்த்துவைத்த அத்தனையும் ஒரே நொடியில் அதன் தலையில் இறங்கும். நல்ல எல்.ஈ.டி.கள் பல இப்படித்தான் சாகின்றன.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டப்பாவைத் திறந்தோம். பிடுங்கியாயிற்று என்று உள்ளே விரலை விடுகிறவர்கள் தயவுசெய்து இங்கே நிற்கவும். 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக்கினால் உச்சம் 325 வோல்ட். அதைப் பிடித்துவைத்திருக்க 400 வோல்ட் கண்டன்சர் ஒன்று உள்ளே இருக்கும். நல்ல டிரைவரில் அது சீக்கிரம் வடிந்துவிடும். செத்த டிரைவரில் வடியாமல் காத்திருக்கும். சில மெக்கானிக்குகள் ஸ்க்ரூடிரைவரால் 'படார்' என்று ஷார்ட் செய்வார்கள். பார்க்க வீரமாக இருக்கும், வேறு பிரயோஜனம் கிடையாது. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் கால்களை இன்சுலேஷன் உள்ள குறடால் பிடித்து இரண்டு விநாடி வைத்தால் சமர்த்தாக வடிந்துவிடும். அப்புறமும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டேன். பெரிய கண்டன்சர் நன்றாகவே இருந்தது. அது வற்றியிருந்தால் கண்ணடிக்காது. விநாடிக்கு நூறு தடவை நடுங்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் செல்போன் கேமராவில் கறுப்புக் கோடுகளாக ஓடும்.

என் சந்தேகம் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி நின்ற பொடியன்மேல். 22 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட். நெல்லிக்கொட்டை சைஸ். டிரைவரின் மூளையான ஐ.சி.க்குச் சாப்பாடு போடுவது இவன்தான். ஊரில் கைபம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போம் இல்லையா? அதே கதை. பிளக் போட்டதும் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சொட்டுச் சொட்டாக இந்தக் கண்டன்சர் நிரம்பும். நிரம்பியதும் ஐ.சி. விழித்து வேலையைத் தொடங்கும். டிரான்ஸ்ஃபார்மரின் தனிச் சுருளிலிருந்து நிரந்தரச் சாப்பாடு வந்து சேரும்வரை இந்தச் செம்புத் தண்ணீர் தாங்க வேண்டும். செம்பு சுருங்கி சங்கு ஆகிவிட்டால்? ஐ.சி. விழிக்கும், பசியில் மயங்கும், மறுபடி நிரம்பும், விழிக்கும். அதுதான் அந்தக் கண்ணடிப்பு.

கழற்றி அளந்தேன். 22 இருக்க வேண்டிய இடத்தில் 3.4. தலை உப்பவில்லை, ஒழுகவில்லை, பார்வைக்குப் புது மாப்பிள்ளை. சின்னக் கண்டன்சர்கள் பெரும்பாலும் அப்படித்தான், சத்தமில்லாமல் வற்றிவிடும். கண்ணால் பார்த்து 'ஓகே' என்று விட்டுவிடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஏன் ஐந்தே மாதத்தில் வற்றியது? உடம்பில் '85 டிகிரி' என்று அச்சிட்டிருந்தது. இந்த ரகத்துக்கு 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்பது சாதாரண உத்தரவாதம். விளக்கு எரிந்தது தினம் 14 மணி நேரம். ஐந்து மாதத்தில் 2,100 மணி. டிரைவர் டப்பா ஒட்டப்பட்டிருந்ததோ ஹீட் சிங்கின் முதுகில், அதுவும் சுட்ட தோசைக்கல் மாதிரி இருக்கும் இடத்தில். "இடம் அடக்கமா இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தார் நண்பர். கண்டன்சருக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. பத்து டிகிரி குறைத்தால் ஆயுள் இரட்டிக்கும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து 105 டிகிரி, 5,000 மணி ரகம் முன்பே வாங்கி வைத்திருந்தேன். டீ விலைகூட இல்லை. "எதுக்கு ஸார் இதெல்லாம்? டிரைவரையே மாத்திடுங்க, வேலை முடிஞ்சுது" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. மாஸ்ஃபெட்டோ ஐ.சி.யோ வெடித்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். கண்டன்சர் மட்டும்தான் போயிருக்கிறது என்னும்போது முழு டிரைவரைத் தூக்கிப்போட எனக்கு மனசு வராது. புது டிரைவருக்குள்ளும் அதே 85 டிகிரிப் பொடியன் உட்கார்ந்திருக்க மாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மைனஸ் பட்டையைப் பார்த்துப் பற்றவைத்தாயிற்று. முதல் தடவை நேராக பிளக்கில் சொருகாமல், 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டு ஆன் செய்தோம். உள்ளே ஷார்ட் இருந்தால் குண்டு பல்பு முழுசாக எரிந்து காட்டிக்கொடுக்கும். லேசாகக் கண் சிமிட்டி அடங்கியது. ரெசிஸ்டரில் 27.6 வோல்ட், முள் அசையவில்லை. ஆஃப் செய்து, எல்.ஈ.டி. வரிசையை மாட்டி, மறுபடி ஆன். பால்கனியில் கத்திரிப்பூ வெளிச்சம் நின்று எரிந்தது.

அதற்கப்புறம்தான் நான் வந்த வேலை. பிளக்கை எடுத்துவிட்டு மீட்டரை மெகா ஓமில் வைத்து, டிரைவரின் உள்வரும் ஒயருக்கும் வெளிவரும் ஒயருக்கும் நடுவே பார்த்தேன். தொடர்பே இல்லை. நல்ல ஜாதி டிரைவர்தான். ஆனால் இந்த ஜாதியிலும் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் நீலநிறச் சின்னக் கண்டன்சர் ஒன்று இருப்பது வழக்கம். ஈரக் கையால் தொட்டால் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும். அதனால் இரண்டு பின் பிளக்கைத் தூக்கிப்போட்டு மூன்று பின் போட்டோம். எர்த் ஒயரை ஹீட் சிங்கில் ஸ்க்ரூ வைத்து முறுக்கினோம். டிரைவரைச் சுவரில் செடியைவிட உயரத்தில், காற்றோட்டமான பிளாஸ்டிக் பெட்டியில், ஒயர் கீழ்ப்பக்கமாக நுழைகிற மாதிரி மாட்டினோம். மேலே தண்ணீர் தெறித்தாலும் ஒயர் வழியாக உள்ளே இறங்காது. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் வீடே இருண்டு, உள்ளே சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா "என்னடா இது, முக்கியமான கட்டத்துல..." என்று சத்தம் போட்டார். ஆக, அதுவும் வேலை செய்கிறது.

புது இடத்தில் டிரைவர் உள்ளே 65 டிகிரிதான். 105-லிருந்து நாற்பது டிகிரி குறைவு, நாலு இரட்டிப்பு. 5,000 மணி 80,000 ஆகிறது. தினம் 14 மணி என்றால் பதினைந்து வருஷத்துக்கு மேல். எல்லாம் காகிதக் கணக்குதான். மின்வாரியத்தின் வோல்ட்டேஜும் மடிப்பாக்கத்து மழையும் அந்தக் காகிதத்தைப் படித்ததில்லை.

அம்மா வந்து பார்த்தார். "இனிமே தண்ணி ஊத்தலாமாப்பா?"

"தாராளமா ஊத்துங்கம்மா. ஊத்தறப்ப மட்டும் சுவிட்சை அணைச்சிடுங்க."

"அது சரி, இந்தக் கலரு... எதிர் வீட்டுக்காரங்க கண்டபடி கேக்குறாங்க. வெள்ளையா எரிய வைக்க முடியாதா?"

முடியும். வெள்ளை எல்.ஈ.டி. என்பதே நீல எல்.ஈ.டி.க்கு மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். அதில் நீலமும் உண்டு, சிவப்பும் ஓரளவு உண்டு. துளசி கோபித்துக்கொள்ளாது. பத்தும் வெள்ளை என்றால் ஒன்றுக்கு 3.2 வீதம் 32 வோல்ட். டிரைவருக்கு ஆட்சேபணை இல்லை. வாட் மட்டும் பத்தொன்பதுக்கு ஏறும், ஹீட் சிங்க் தாங்குமா என்று முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். நண்பர் ஏற்கனவே சட்டையை மாட்டிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்று சொல்லி உட்காரவைத்தேன்.