மரக்காணம் கரையில் இருளர் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவது ஏன்?

கொரோனா ஊரடங்கில் விட்டுப்போன பாடங்களை ஈடுகட்ட தமிழக அரசு கொண்டுவந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை, 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். தேர்ந்தெடுத்த இடம் விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளிக்கூடம் பிள்ளையைத் தேடிப் போகட்டும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் சாரம். இந்தக் கரைக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பதை உப்பளத்தைச் சுற்றி நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாக உப்புக்குப் பேர்பெற்றது மரக்காணம். கடலோரக் குப்பங்களில் மீனவர்கள், ஊரில் வன்னியர் முதலான சாதியார், காலனியில் ஆதிதிராவிடர் என்று குடியிருப்புகள் பிரிந்து கிடக்கின்றன. இவற்றையும் தாண்டி ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் கழுவெளிச் சதுப்பின் விளிம்பிலும் இருளர் பழங்குடியினரின் குடிசைகள். பெரும்பாலும் புறம்போக்கு, பட்டா கிடையாது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே அரசுப் பள்ளியில் ஒரே சத்துணவைச் சாப்பிட்டுத்தான் தொடங்குகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்ப் பார்த்தால் இருளர் பிள்ளைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 சதவீதம். பட்டியல் சாதியினரிடையே 73.3, பழங்குடியினரிடையே 54.3. அகில இந்திய அளவில் பழங்குடியினரின் எழுத்தறிவு 59 சதவீதம். ஒட்டுமொத்தக் கணக்கில் நாட்டின் சராசரியைவிட முன்னே நிற்கும் மாநிலம், பழங்குடிகள் என்று வரும்போது பின்னே போய்விடுகிறது. மாநில மக்கள்தொகையில் பழங்குடியினர் 1.1 சதவீதம்தான் என்பதால் மொத்தச் சராசரிக்குள் இந்தப் பள்ளம் தெரியாமல் மறைந்துகொள்கிறது. அவர்களில் மலையாளி என்ற பழங்குடியினருக்கு அடுத்து எண்ணிக்கையில் பெரியவர்கள் இருளர், ஏறத்தாழ 1.9 லட்சம் பேர்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஊரில் கிடைக்கும் முதல் பதில், "அவங்களுக்குப் படிப்புல அக்கறை இல்லைங்க." ஆசிரியர்கள் சிலரும் இதையே சொல்கிறார்கள். சமூகவியலிலும் இந்தப் பதிலுக்கு ஒரு பழைய வடிவம் உண்டு. சில சமூகங்களின் வீட்டுப் பண்பாட்டிலேயே குறை இருக்கிறது, படிப்பை மதிக்கவோ நாளைக்கென்று திட்டமிடவோ அவர்கள் பிள்ளைகளைப் பழக்குவதில்லை என்று 1960-களில் மேலைநாட்டு ஆய்வாளர்கள் பலர் எழுதினார்கள்.

அந்த வாதம் நிற்கவில்லை. பிரிட்டனில் வங்கதேசக் குடும்பத்துப் பிள்ளைகள் 1990-கள் வரை தேர்வு முடிவுகளில் கடைசி வரிசையில் இருந்தார்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் வராது, வீட்டில் புத்தகம் இல்லை, பெண்களைப் படிக்க விடமாட்டார்கள் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் அதே சமூகத்துப் பிள்ளைகள் தேசிய சராசரியைத் தாண்டிவிட்டார்கள். பண்பாடுதான் காரணம் என்றால் ஒரு தலைமுறைக்குள் அது அத்தனை மாறியிருக்க முடியாது. மாறியது, அவர்களில் பலர் படித்த லண்டன் பள்ளிகளுக்குக் கிடைத்த பணமும் ஆசிரியர்களும் கவனமும்.

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு வேறு பக்கமிருந்து பார்த்தார். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஏதோ ஒரு அறிவோடுதான் பள்ளிக்கு வருகிறார்கள்; பள்ளிக்கூடம் அதில் மேல்தட்டு வீட்டின் அறிவை மட்டும் அறிவென்று மதிப்பெண் போடுகிறது என்றார். கழுவெளியில் இறால் பிடிக்கும் இருளர் குடும்பத்தைப் பார்த்தால் இது விளங்கும். வலை கிடையாது. பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் குந்தி நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவுகிறார்கள். இறால் எந்தப் பக்கம் துள்ளும் என்று விரல்தான் சொல்ல வேண்டும். எந்தப் பிறைக்கு நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பது அந்த வீட்டுப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அதே பிள்ளை ஓதங்கள் பற்றிய பாடத்தில் 'நிலவின் ஈர்ப்பு' என்ற விடையை எழுதத் தெரியாமல் பூஜ்யம் வாங்கும். பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து பாடத்தைத் தொடங்க நம் ஆசிரியர் பயிற்சியில் யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

ஆனால் பண்பாட்டு இடைவெளியை வைத்து மட்டும் இருளர் நிலையை விளக்கிவிட முடியாது. நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மானுடவியலாளர் ஜான் ஓக்பு, சிறுபான்மையினரை இரண்டாகப் பிரித்தார். தாமே விரும்பிக் குடியேறியவர்கள் ஒரு வகை. அடிமைப்படுத்தப்பட்டோ நிலம் பறிக்கப்பட்டோ தாழ்நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினர், படித்தாலும் நமக்குக் கதவு திறக்காது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள். பள்ளியை அவர்கள் நம்பாததற்கு அனுபவம்தான் காரணம் என்றார். 1978-ல் வெளிவந்த அவர் நூலின் தலைப்பிலேயே சாதி என்ற சொல் இருக்கிறது.

இருளர் வரலாறு இதற்கு அப்படியே பொருந்துகிறது. வெள்ளையர் காலத்து வனச் சட்டங்கள் காட்டை மூடின. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதையொட்டி வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்பு பிடிக்கும் தொழிலை முடித்தன. 1978-ல் வடநெம்மேலியில் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சில நூறு குடும்பங்களுக்குத்தான் கைகொடுத்தது. மற்றவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டவும் போனார்கள். கொத்தடிமை முறை 1976-ல் சட்டப்படி ஒழிந்தது. அதன் பிறகும் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் அதிகாரிகள் மீட்ட குடும்பங்களில் இருளர் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

இங்கேதான் நாள்காட்டி குறுக்கே வருகிறது. பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. உப்பளத்திலும் சூளையிலும் வேலை சூடுபிடிப்பது பொங்கலுக்குப் பிறகு. சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி; புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து அறுத்தால்தான் முன்பணம் கழியும். பிள்ளையைத் தனியே விட்டுப் போக ஆளில்லை, கூடவே போகிறது. மூன்றாம் பருவத்தை மூன்று வருடம் தொடர்ந்து தவறவிட்ட பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் எப்படி வரும்? ஊரிலேயே தங்கி உப்பளம் போகும் குடும்பத்திலும் விடியுமுன் வேலைக்குக் கிளம்ப வேண்டும். தம்பி தங்கையைக் கிளப்பிவிடுவது மூத்த பெண்ணின் பொறுப்பு. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் இந்த வீடுகளுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

பெற்றோரின் அக்கறையின்மை என்று ஊர் சொல்வதில் பெரும்பகுதி இந்த முன்பணமும் நாள்காட்டியும்தான்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். ஆதிதிராவிடர் என்றால் வட்டாட்சியர் கையெழுத்து போதும். பழங்குடி என்றால் 1989 நவம்பர் முதல் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். மரக்காணத்துக்காரர் திண்டிவனம் போக வேண்டும். போலிச் சான்றிதழ்கள் பெருகியதால் வந்த கட்டுப்பாடு இது. 1994-ல் உச்ச நீதிமன்றம் மாதுரி பாட்டீல் வழக்கில் சரிபார்ப்பை மேலும் இறுக்கியது. நோக்கம் சரியானதே. ஆனால் போலிக்காரரிடம் காகிதங்கள் இருக்கும். உண்மையான இருளரிடம்தான் இருக்காது. அப்பாவின் சான்றிதழைக் கொண்டுவா என்கிறார்கள், அப்பா பள்ளிக்கே போனதில்லை. இரத்த உறவினரின் சான்றிதழைக் கேட்கிறார்கள், அந்த வம்சத்திலேயே அதை முதலில் கேட்பவள் மனு போட வந்த இந்தப் பெண்தான். பிறகு நேரடி விசாரணை. மனு போட்ட அன்று ஒரு நாள் கூலி, விசாரணையன்று ஒரு நாள், ஆய்வாளர் வராவிட்டால் மறுபடி ஒரு நாள்.

ஒன்றாம் வகுப்பில் சேர இது தேவையில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டும்போதுதான் கல்வி உதவித்தொகை, இட ஒதுக்கீடு, விடுதி எல்லாம் அந்தக் காகிதத்தில் வந்து நிற்கின்றன. அத்தனை தடைகளையும் தாண்டி வந்த பிள்ளை வாசலில் நிறுத்தப்படுகிறாள். ஓர் இருளர் மாணவி படிப்பை நிறுத்துவதற்கு இதைவிட நேரடியான காரணம் வேறில்லை என்பேன். திண்டிவனத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், காவல் வன்முறைக்கு எதிராகப் போராடியதோடு இந்தச் சான்றிதழுக்காகவும் பல ஆண்டுகளாக மனு எழுதிவருகிறது. இருளர் மீதான காவல் வன்முறையைக் காட்டிய 'ஜெய்பீம்' படம் 2021-ல் வெளிவந்த பிறகுதான் வெளியுலகம் அந்தச் சங்கத்தைக் கவனித்தது.

வகுப்பறைக்குள் நடப்பது இன்னொன்று. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் பள்ளிச் சிறுவர்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதி சொல்லப்படாதபோது மேல்சாதிப் பையன்களும் தாழ்த்தப்பட்ட பையன்களும் ஏறக்குறைய சமமாகத் தீர்த்தார்கள். அனைவர் முன்னிலையிலும் பெயரோடு சாதியை அறிவித்ததும் தாழ்த்தப்பட்ட பையன்களின் எண்ணிக்கை இறங்கிவிட்டது. அறிவு அதேதான், அறையில் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு மட்டும் புதிதாக வந்தது. திருட்டு வழக்கென்றால் முதலில் இருளரைத் தேடும் போலீஸ் வேனைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம், "எலி புடிக்கிற பசங்க" என்று ஒருவர் வகுப்பில் சொல்லும் ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை ஒன்றும் புதியவை அல்ல. இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கான பருவகால விடுதி பொங்கலுக்கு முன்பே திறந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பிலேயே சான்றிதழ் விண்ணப்பத்தைப் பள்ளியே அனுப்பி, சார் ஆட்சியர் குடியிருப்புக்கு வந்து முகாம் போட்டுக் கொடுக்க வேண்டும். ஊரே அறிந்த இருளர் குடியிருப்பில் அரை நாள் போதும்.

இதைப் படிக்கிறவர்களில் ஆசிரியர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் இ-சேவை மையம் நடத்துபவர்களும் இருப்பீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் இருளர் பிள்ளை யார், அவரிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று இந்த மாதமே கேளுங்கள். இல்லையென்றால் மனுவை எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விசாரணை நாளன்று நீங்களும் கூடப் போங்கள்.