நோயின் பெயர் தெரிவதற்குள் முடிந்துபோகும் கெடு! அமெரிக்காவில் தடுப்பூசி இழப்பீட்டு மனுக்கள் தள்ளுபடியாவது ஏன்?

தடுப்பூசியால் கடுமையான பாதிப்பு வருவது மிக அபூர்வம். ஆனாலும் கோடிக்கணக்கானவர்களுக்குப் போடும்போது, எங்கோ ஒருவருக்கு அப்படி நேர்ந்துவிடலாம். அவருக்கு யார் பொறுப்பு?

இதற்காகவே அமெரிக்கா 1986-ல் ஒரு சட்டம் இயற்றியது. 1988-ல் இழப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் நேராகத் தடுப்பூசி நிறுவனத்தின் மீது வழக்குப் போட முடியாது. முதலில் இந்தத் திட்டத்தில்தான் மனு கொடுக்க வேண்டும். ஒரு டோஸ் எத்தனை நோய்களைத் தடுக்கிறதோ, நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வரி வசூலித்து, அதிலிருந்து இழப்பீடு தருகிறார்கள். ‘ஸ்பெஷல் மாஸ்டர்’ எனப்படும் அதிகாரிகள் மனுக்களை விசாரிக்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல், காலக்கெடுவில் இருக்கிறது.

எந்த நாளிலிருந்து கணக்கு?

பாதிப்பு என்றால், முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். மரணம் என்றால், இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள். அதுவும் முதல் அறிகுறி தெரிந்து 4 ஆண்டுகள் தாண்டியிருக்கக் கூடாது.

டாக்டர் நோயைக் கண்டுபிடித்த நாளோ, ‘தடுப்பூசிதான் காரணமாக இருக்குமோ’ என்று சந்தேகம் வந்த நாளோ கணக்கில் வராது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெண் மருத்துவரின் வழக்கே உதாரணம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொண்ட அவருக்கு, 1997-ல் உடலில் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு ஏற்பட்டது. அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்று 2003-ல்தான் உறுதியானது. 2005-ல் மனு கொடுத்தார். ஆனால், கெடு 2000-லேயே முடிந்துவிட்டது! அதாவது, நோயின் பெயர் தெரிவதற்கு 3 ஆண்டுகள் முன்பே.

மனு தள்ளுபடியானது. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தடுப்பூசிதான் நோய்க்குக் காரணமா என்ற கேள்விக்குள் வழக்கு போகவே இல்லை. மோசடி, மிரட்டல் போன்ற அபூர்வமான காரணங்கள் இருந்தால் கெடுவைத் தளர்த்தலாம். ‘தெரியாமல் இருந்துவிட்டேன்’ என்பது போதாது என்றது நீதிமன்றம்.

ஒரே ஆறுதல், 2013-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் கொடுத்த மனு என்றால், கெடு தாண்டியதாகத் தள்ளுபடியானாலும் வக்கீல் கட்டணத்தைத் திட்டமே தரலாம் என்றது அந்தத் தீர்ப்பு.

கொரோனா தடுப்பூசிக்கு?

அதற்கு வேறு திட்டம். இதில் கெடு இன்னும் குறைவு: ஊசி போட்ட நாளிலிருந்து ஓர் ஆண்டு மட்டுமே. நீதிமன்ற விசாரணை கிடையாது, அதிகாரிகளே முடிவெடுப்பார்கள். வக்கீல் கட்டணமும் கிடைக்காது.

கவனிக்க வேண்டியவை

* தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த ஊசி, எந்தத் தேதி என்பதற்கு அதுதான் சான்று.
* உடலில் மாற்றம் தெரிந்தால், அன்றைய தேதியோடு எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.
* பாதிப்பு 6 மாதங்களுக்கு மேல் நீடித்ததா என்பதற்கும் பதிவு வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்த பாதிப்பு, மரணம் தவிர மற்றவற்றுக்கு இது கட்டாயம்.
* அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கோ உறவினர்களுக்கோ இப்படி ஒரு சந்தேகம் வந்தால், நோய் உறுதியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாமெனச் சொல்லுங்கள். முதல் அறிகுறி வந்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, உடனே ஒரு வக்கீலைப் பார்ப்பதே நல்லது.