சிக்னலில் உதறும் பழைய மாருதி... 'கம்ப்யூட்டர் போச்சு' என்று முடிவு கட்டும் முன் இதைப் பாருங்கள்!

திண்டுக்கல் - பழனி சாலையில் ரெட்டியார்சத்திரத்தைக் கடக்கும்போது, புது எஸ்.யூ.வி-க்களுக்கு நடுவே ஒரு மாருதி 800-ஐ இன்றும் பார்க்கலாம். 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன கார் அது. பல வீடுகளில் அதுதான் முதல் கார் என்பதால், விற்க மனம் வராமல் வைத்திருக்கிறார்கள்.

இந்த வண்டிக்காரர்கள் பலரும் சொல்லும் புகார் ஒன்றுதான். "ஓடும்போது நல்லா இருக்கு. நின்னா உதறுது. சில நேரம் ஆஃப் ஆகிடுது!"

கார்புரேட்டர் பழக்கம் வேண்டாம்

புகை விதிமுறைகள் இறுகியதால், 2000-ஐ ஒட்டி மாருதி 800, ஜென், எஸ்டீம் போன்ற கார்கள் கார்புரேட்டரிலிருந்து எம்.பி.எஃப்.ஐ-க்கு மாறின. கார்புரேட்டர் வண்டியில் ஐடிலிங் சரியில்லை என்றால் ஸ்க்ரூவைத் திருகினால் போதும். எம்.பி.எஃப்.ஐ-யில் அந்த வேலை இ.சி.எம் எனப்படும் கம்ப்யூட்டருடையது. சென்சார்கள் சொல்வதைக் கேட்டு, எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்று அதுவே முடிவு செய்யும். த்ராட்டிலில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகினால் கோளாறு மறையுமே தவிர, தீராது.

எப்போது உதறுகிறது?

பாதி விடை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

* நிற்கும்போது மட்டும் உதறல், வேகத்தில் சரி: த்ராட்டில் பாடியில் கரி, அல்லது வேக்யூம் ஹோஸில் விரிசல்.
* ஏ.சி போட்டால் மட்டும்: ஐடில் வால்வு கூடுதல் காற்றைத் தரவில்லை.
* காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்: ஐடில் வால்வு, அல்லது கூலன்ட் வெப்பநிலை சென்சார்.
* எப்போதும் உதறல், மேட்டில் இழுவையும் இல்லை: பிளக், பிளக் ஒயர், இன்ஜெக்டர், பெட்ரோல் ஃபில்டர்.
* இன்ஜின் சத்தம் சீராக இருக்கிறது, ஆனால் ஸ்டீயரிங் அதிர்கிறது: இன்ஜின் மவுன்ட் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்

முதலில் ஏர் ஃபில்டர். செம்மண் தோட்டப் பாதைகளில் ஓடும் வண்டிக்கு அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திருக்காமல் கழற்றிப் பாருங்கள்.

அடுத்து வேக்யூம் ஹோஸ்கள். இன்ஜின் சூட்டில் பல வருடம் வெந்த ரப்பர், வளையும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும். பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது 'உஸ்ஸ்' என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். துப்பட்டா, வேட்டி நுனி, கை எதுவும் ஃபேன், பெல்ட் பக்கம் போகக் கூடாது. நிற்கும்போது இன்ஜின் இழுக்கும் காற்று மிகக் குறைவு. அதனால் சிறு விரிசல் வழியே நுழையும் கள்ளக் காற்றே கலவையைக் கெடுத்துவிடும். வேகமெடுத்ததும் அது பெரிதாகத் தெரியாது.

மூன்றாவது, த்ராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் அதற்கான கிளீனர் கொண்டு சுத்தம் செய்வது. இந்த ஸ்ப்ரே எளிதில் தீப்பிடிக்கும். சூடான இன்ஜினில் அடிக்கவே கூடாது. இந்த வேலைக்காக பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால், சிறிது நேரம் ஐடிலிங் ஏறி இறங்கலாம். கம்ப்யூட்டர் மறுபடி கற்றுக்கொள்ளும். பதற்றம் வேண்டாம்.

நான்காவது, பிளக். மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். அதனால்தான் இந்தச் சின்ன கார் அப்படி உதறுகிறது. மெக்கானிக் ஒவ்வோர் இன்ஜெக்டர் கனெக்டராகக் கழற்றிப் பார்ப்பார். எதைக் கழற்றியும் உதறல் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் குற்றவாளி. பிளக் ஒயரை வெறுங்கையால் பிடுங்கிப் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம், ஷாக் பலமாக அடிக்கும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் சென்சாரும் இ.சி.எம்-மும். செல்போன் ஆப்புடன் இணையும் மலிவு ஸ்கேனர், இந்தப் பழைய வண்டிகளுடன் பல நேரம் பேசாது. ஓ.பி.டி வசதி நம் கார்களில் 2010-க்குப் பிறகுதான் படிப்படியாகக் கட்டாயமானது. இந்த மாடல்களைப் பார்த்துப் பழகிய மெக்கானிக்கே நல்லது.

எத்தனால் பெட்ரோல்

2025-ல் நாடு 20 சதவிகித எத்தனால் கலப்பை எட்டிவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களும் கேஸ்கெட்டுகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் ஹோஸ்களைத் தொட்டுப் பாருங்கள். ஊறி மெத்தென்று இருந்தாலோ, கசிந்தாலோ உடனே மாற்றுங்கள். இது உதறல் விஷயம் மட்டுமல்ல, தீ விபத்து விஷயம்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

பெட்ரோல் காருக்குப் புகைப் பரிசோதனை, இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போதுதான் நடக்கிறது. எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறினால் சான்றிதழ் கிடைக்காது. 15 ஆண்டு தாண்டிய வண்டியின் ஆர்.சி-யைப் புதுப்பிக்க தகுதிச் சோதனையும் உண்டு. கடைசியாக வந்த மாருதி 800-க்கே 2029-ல் 15 வயதாகிவிடும். தவிர, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்கும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டியது ஆயிரங்களில் போய் நிற்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது 'வண்டி சரியில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். காலையிலா, சூடானதுமா, ஏ.சி போட்டாலா, கடைசியாக எந்த பாகத்தை மாற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லிப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரியானது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.